கில்டு என்றால் என்ன? பாடு தெரிந்தவர்களுக்கு எளிதில் புரியும்

வீட்டில் பையன் போனைப் பிடித்துக்கொண்டு, “நான் நாக் ஆயிட்டேன், ரிவைவ் பண்ணுடா!” என்று கத்துகிறான். யாரிடம் பேசுகிறாய் என்று கேட்டால், “எங்க கில்டு பையன்மா” என்கிறான். காட்டூரானாலும் பழவேற்காடானாலும், தமிழ்நாட்டின் எந்த ஊரானாலும், பெற்றோர் காதில் இன்று விழும் பதில் இது. முகம் தெரியாதவர்களோடு என்ன சகவாசம் என்ற பயம் நியாயமானதுதான். ஆனால் அந்தச் சகவாசம் எப்படி நடக்கிறது என்று தெரிந்துகொண்டால், எதற்குப் பயப்பட வேண்டும், எதற்கு வேண்டாம் என்பது தெளிவாகும்.

இணைய விளையாட்டில் தொடர்ந்து சேர்ந்து ஆடுபவர்கள் அமைத்துக்கொள்ளும் குழுதான் கில்டு. அதற்குப் பெயர் உண்டு, தலைவர் உண்டு, அவருக்குக் கீழே பொறுப்பாளர்கள் உண்டு, சேர்க்கவும் நீக்கவும் வழி உண்டு. பழவேற்காட்டு ஏரிக்கரையில் இருப்பவர்களுக்கு இதைப் புரியவைப்பது சுலபம். அவர்களிடம் பாடு இருக்கிறது.

ஏரியில் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி இறால் கிடைக்காது. கடல்நீர் உள்ளே வரும் முகத்துவாரத்தை ஒட்டிய இடங்களில் வரத்து அதிகம். எல்லோரும் அங்கேயே வலை கட்டினால் தினமும் அடிதடிதான். அதனால் கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம் போன்ற ஊர்களின் மீனவர்கள் சுத்துவலை கட்டும் இடங்களைப் பாடுகளாகப் பிரித்து, குலுக்கல் போட்டு, முறை வைத்துத் தொழில் செய்துவந்தார்கள். இன்று நல்ல இடம் கிடைத்தவர் நாளை வேறு இடத்துக்குப் போக வேண்டும். தலைக்கட்டுப் பட்டியலில் பெயர் இருப்பவருக்குத்தான் பங்கு. முறை மீறினால் ஊர்க்கூட்டம் கேட்கும்.

இணையக் கில்டுகளும் இதே சிக்கலில்தான் மாட்டிக்கொண்டன. 2004-இல் வந்த வேர்ல்டு ஆஃப் வார்கிராஃப்ட் விளையாட்டில், ஆரம்ப காலத்தில், 40 பேர் சேர்ந்து, மணிக்கணக்கில் போராடித்தான் ஒரு பெரிய எதிரியை வீழ்த்த முடிந்தது. வீழ்த்திய பிறகு கிடைத்ததோ இரண்டு மூன்று பொருள்கள். 40 பேரில் அது யாருக்கு? சில குழுக்கள் 1 முதல் 100 வரை எண் குலுக்கி, பெரிய எண் வந்தவருக்குக் கொடுத்தன. வேறு குழுக்கள், 1999-இல் வெளிவந்த எவர்குவெஸ்ட் விளையாட்டின் காலத்திலேயே, புள்ளிக் கணக்கு ஒன்றைக் கண்டுபிடித்திருந்தன. ஒழுங்காக வந்து ஆடியவருக்குப் புள்ளி சேரும். சேர்ந்த புள்ளியைச் செலவழித்துப் பொருளை எடுத்துக்கொள்ளலாம். விளையாட்டை உருவாக்கிய கம்பெனி இந்தக் கணக்கை விதிக்கவில்லை. சண்டை போட்டுப் போட்டு, ஆடியவர்களே வகுத்துக்கொண்டது. ஒரு குழு நிலைப்பதும் உடைவதும் பங்கு பிரிப்பதில்தான் இருக்கிறது என்பதை ஏரிக்காரர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

நம் பையன்கள் ஆடும் ஃப்ரீ ஃபயர் மேக்ஸ் இவ்வளவு பெரியதல்ல. 50 பேர் ஒரு தீவில் இறங்குவார்கள். பத்து நிமிடம் போல ஆட்டம் ஓடும். பெரும்பாலும் நான்கு பேர் கொண்ட ஸ்குவாடாக ஆடுவார்கள். அதில் ஒருவன் குண்டடி பட்டு விழுந்தால் அதுதான் நாக். கூட்டாளி ஒருவன் ஓடிவந்து, எதிரே குளூ வால் எனும் தடுப்புச் சுவரை எழுப்பி, அதன் மறைவில் அவனைத் தூக்கிவிட வேண்டும்; அதுதான் ரிவைவ். அந்தச் சில நொடிகளில் காப்பாற்ற வந்தவனும் சாகலாம். தன் புள்ளியைப் பார்த்துக்கொண்டு ஓடிவிடுகிறவன் யார், திரும்பி வருகிறவன் யார் என்பதை உடன் ஆடுபவர்கள் கவனிக்கிறார்கள். நட்பு அங்கேதான் வளர்கிறது.

அந்த நட்பு எவ்வளவு ஆழமாகப் போகலாம் என்பதற்கு நார்வேயின் மாட்ஸ் ஸ்டீன் சாட்சி. தசைச்சிதைவு நோயோடு பிறந்தவர்; சக்கர நாற்காலியில் வாழ்ந்தவர். 2014 நவம்பரில், 25 வயதில் இறந்தார். மகன் தனிமையிலேயே வாழ்ந்து முடித்தான் என்றுதான் பெற்றோர் நினைத்தார்கள். மரணச் செய்தி வெளியானதும் பல நாடுகளிலிருந்து மின்னஞ்சல்கள் வந்து குவிந்தன. வேர்ல்டு ஆஃப் வார்கிராஃப்ட் விளையாட்டில் இபெலின் என்ற பெயரில் அவர் உலவியிருந்தார். ஸ்டார்லைட் என்ற கில்டில் பலருக்கு மனம்விட்டுப் பேசும் தோழனாக இருந்திருந்தார். கில்டு நண்பர்கள் சிலர் அடக்கத்துக்கே நேரில் வந்தார்கள். 2024-இல் வெளியான ஆவணப்படம் இந்தக் கதையைச் சொல்கிறது. பிள்ளையின் விளையாட்டை வெறும் நேர விரயம் என்று எண்ணும் எவரும் அதைப் பார்க்க வேண்டும் என்பேன்.

இதற்கு மறுபக்கமும் இருக்கிறது. பாடு முறை நியாயமானதுதான், ஆனால் பட்டியலுக்குள் இருந்தவர்களுக்கு மட்டும். இருளர்களுக்கும் மற்ற சமூகத்தாருக்கும் பெண்களுக்கும் அதில் இடமில்லை. கில்டுகளிலும் இது நடக்கிறது. பெண் குரல் கேட்டாலே கிண்டல் செய்கிற கூட்டம் உண்டு. அதனால் மைக்கை அணைத்துவிட்டு ஆடும் பெண்கள் இருக்கிறார்கள். சரியாக ஆடத் தெரியாத சின்னப் பையனை வசைபாடித் துரத்தும் தலைவர்களும் உண்டு. நல்ல கில்டு எது என்று என்னைக் கேட்டால், அது வாங்கிய புள்ளியைப் பார்க்க மாட்டேன்; புதிதாக வந்தவனை எப்படி நடத்துகிறது என்றுதான் பார்ப்பேன்.

இன்னொரு குழப்பத்தையும் தீர்த்துக்கொள்வது நல்லது. ரம்மி போன்ற பணம் கட்டி ஆடும் ஆட்டங்களும் கில்டு விளையாட்டும் ஒன்றல்ல. பணம் வைத்து ஆடும் இணைய ஆட்டங்களைத் தடைசெய்து 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் சட்டம் இயற்றியது; இ-ஸ்போர்ட்ஸ் எனும் மின்விளையாட்டையும் பொழுதுபோக்கு விளையாட்டையும் அதே சட்டம் தனியாகப் பிரித்து அனுமதிக்கிறது. ஆனாலும் கில்டு விளையாட்டில் பணமே புழங்காது என்று நினைக்க வேண்டாம். உடை, ஆயுத அலங்காரம் வாங்க டைமண்ட் என்ற பெயரில் பணம் போகிறது, பெரும்பாலும் அப்பாவின் யுபிஐ வழியாக. “இலவச டைமண்ட் தர்றேன், ஓடிபி சொல்லு” என்று கேட்பவன் எந்தக் கில்டுக்காரனாக இருந்தாலும் மோசடிக்காரன்தான். கணக்கின் கடவுச்சொல், புகைப்படம், வீட்டு முகவரி ஆகியவற்றைக் கேட்பவனிடமும் இதே எச்சரிக்கை வேண்டும்.

போனைப் பிடுங்குவதற்கு முன் பக்கத்தில் உட்கார்ந்து ஒரே ஓர் ஆட்டம் பாருங்கள். தலைவர் யார், அவருக்கு என்ன வயது, திட்டினால் யார் கேட்பார்கள், இதுவரை எவ்வளவு பணம் போட்டாய் என்று சாதாரணமாகக் கேளுங்கள். தயங்காமல் பதில் சொல்கிற பிள்ளையின் கில்டைப் பற்றி அதிகம் கவலைப்பட வேண்டாம். பணம் பறிபோனது தெரியவந்தால், திட்டிக்கொண்டு நேரத்தை வீணாக்காமல் சைபர் குற்ற உதவி எண் 1930-ஐ உடனே அழையுங்கள்.