கால் ரத்தக்குழாயும் வாய்க்கால் தூரும்

தஞ்சைத் தரணியில் சாகுபடி செய்வோருக்கு வாய்க்காலின் அருமையை நாம் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. தலைமடையில் நீர் நிறைந்திருந்தாலும், நடுவே தூர் அடைத்துக்கொண்டால் கடைமடைப் பயிர் காய்ந்துவிடும். மனித உடலிலும் இவ்வாறு நேர்வதுண்டு.

புகையிலை, நீரிழிவு, ரத்தக் கொதிப்பு, மிகுதியான கொழுப்பு ஆகியவற்றால், காலுக்குச் செல்லும் ரத்தக்குழாயின் உட்சுவரில் கொழுப்புப் படிந்து வழி குறுகுகிறது. வரப்பில் சிறிது தூரம் நடந்ததும் கெண்டைக்கால் வலிப்பதும், நின்றால் வலி தணிவதும் இதன் அறிகுறிகள். நோய் முற்றினால் விரற்புண் ஆறாது. காலையே எடுக்க நேரலாம்.

1964-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் போர்ட்லந்து நகரில் டாக்டர் சார்லஸ் டாட்டர், காலை எடுக்க இசையாத 82 வயது மூதாட்டியின் குறுகிய ரத்தக்குழாயை, அறுவையின்றி மெல்லிய குழாய்களைச் செலுத்தி விரித்தார். இன்று சிறு பலூனைக் கொண்டு விரிக்கின்றனர். இதுவே ஆஞ்சியோபிளாஸ்டி சிகிச்சை. ஆயினும், தூர் வாரிய வாய்க்காலில் கோரை மீண்டும் முளைப்பதுபோல், விரித்த இடத்தில் காயம் ஆறுங்கால் உட்சுவரில் தசை வளர்ந்து, சில மாதங்களிலேயே வழி மறுபடியும் குறுகக்கூடும்.

இந்நோயாளிகளுக்கு மருத்துவர்கள் தரும் மாத்திரைகளுள் முக்கியமானது ஸ்டாட்டின். கல்லீரல் கொலஸ்ட்ரால் உண்டாக்குவதை இது குறைக்கிறது. இதற்கும் அரிசிக்கும் ஓர் உறவுண்டு. ஜப்பானிய விவசாயக் குடும்பத்தில் பிறந்த அகிரா எண்டோ, 1973-இல் இவ்வகையின் முதற்பொருளைக் கண்டெடுத்தது, அரிசியிலிருந்து பிரித்த பூஞ்சணத்திலேதான்!

இம்மாத்திரையை உண்டால் குழாய் மீண்டும் குறுகவே குறுகாது என்று எண்ணலாகாது. பலூன் பட்ட காயத்தில் தசை வளர்வது வேறு. கொழுப்புப் படிவது வேறு. ஆனால் காலில் குழாய் குறுகியவருக்கு இதயத்திலும் மூளையிலும் அதே கேடு மறைந்திருக்கக்கூடும். பிரிட்டனில் 20,536 பேரைக் கொண்டு நடந்து 2002-இல் வெளியான ஆராய்ச்சியில், ஸ்டாட்டின் உண்டோரிடையே மாரடைப்பும் பக்கவாதமும் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு குறைந்தன. கால் ரத்தக்குழாய் நோயாளிகளும் அவர்களுள் அடங்குவர். ஆகவே, வலி நின்றுவிட்டதென்று மாத்திரையைத் தாமாக நிறுத்துதல் தகாது. உடல்வலி முதலியன தோன்றினால் மருத்துவரிடம் கூறி யோசனை பெறவேண்டும்.

மாத்திரை மட்டும் போதாது. பீடி, சுருட்டை அறவே விடவேண்டும். மருத்துவர் கூறியபடி நாள்தோறும் நடக்கவேண்டும். வயலிலிருந்து திரும்பியதும் பாதங்களைக் கழுவி, காயமுண்டா எனப் பார்க்கவேண்டும். கால் திடீரென வெளுத்துக் குளிர்ந்து கடுமையாக வலித்தால், கணமும் தாமதியாது மருத்துவமனைக்குச் செல்லவேண்டும்.

2021 ஆகஸ்டு 5-இல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம், நீரிழிவு, ரத்தக் கொதிப்பு மாத்திரைகளை வீடு தேடிக் கொணர்ந்தது. வந்த மாத்திரை தவறாமல் உட்கொள்ளப்படுகிறதா என்று கவனிப்பது ஊராரின் கடமை. ஊராட்சி உறுப்பினர்கள் கிராம சபையில் இதனை எடுத்துரைத்து, நடக்கையில் கால் வலிப்போரை ஆரம்ப சுகாதார நிலையத்திற்கு அனுப்பிவைக்குமாறு கேட்டுக்கொள்கிறோம். சேற்றில் இறங்கி உழைக்கும் கால்களே நம் நாட்டின் செல்வம்.