கத்தி வைப்பதா, காத்திருப்பதா?



ஞாயிறு திருப்பலி முடிந்து அனைவரும் கலைந்த பின்னர், அச்சங்குளத்துச் சகோதரி ஒருவர் கோயில் வாசலில் தயங்கி நின்றார். பட்டாசு ஆலையில் திரி வெட்டிப் பிழைப்பவர். கையில் ஒரு ஸ்கேன் அறிக்கை.

"சாமி, சினைப்பையிலே கட்டியாம். ஆபரேசன் செய்யணுங்கிறாங்க. வீட்டுக்காரரு வேண்டாங்கிறாரு. நேர்ந்துக்கிட்டா கரைஞ்சிரும்னு அத்தை சொல்றாங்க. சினைப்பையை எடுத்தா பாவமா சாமி?"

2021 பிப்ரவரி 12 அன்று இவ்வூர்ப் பட்டாசு ஆலையில் நேர்ந்த வெடிவிபத்து பல உயிர்களைக் கொண்டுபோயிற்று. அத்தகைய துயரைக் கண்ட ஊரில், தம் அடிவயிற்று வலியை வாய்விட்டுச் சொல்லப் பெண்கள் கூசுகிறார்கள். ஆகவே, அச்சகோதரிக்குச் சொன்ன மறுமொழியை எல்லார்க்கும் பயன்படுமாறு இங்கே எழுதுகிறேன்.

கட்டி எப்படி உண்டாகிறது?

கருப்பையின் இருபுறமும் வாதுமைக் கொட்டை அளவில் இரு சினைப்பைகள் உள்ளன. மாதந்தோறும் முட்டை முதிரும்போது அதைச் சுற்றி நீர் நிறைந்த சிறு பை தோன்றுகிறது. முட்டை வெளிவந்ததும் அது சுருங்கவேண்டும். சுருங்காமல் பருத்தால் அதுவே நீர்க்கட்டி. இவ்வகைக் கட்டிகளிற் பெரும்பாலானவை இரண்டு மூன்று மாதங்களில் தாமே மறைந்துவிடும். நேர்ந்துகொண்டவர்க்கும் மறையும், நேராதவர்க்கும் மறையும்.

மறையாத கட்டிகளும் உண்டு. ரோமமும் கொழுப்பும், சில வேளை பல்லும்கூட அடங்கிய கட்டி ஒருவகை. பழைய இரத்தம் தேங்கிய கட்டி மற்றொரு வகை. ஸ்கேனில் சிறு முத்துகளாய்ப் பல தெரியும் 'பி.சி.ஓ.எஸ்.' என்பது இவற்றினின்று வேறானது. அம்முத்துகளை வெட்டி எடுக்க வேண்டுவதில்லை.

எதுவரை பொறுக்கலாம்?

மாதவிலக்கு நிற்காத வயதில், வெறும் நீர் மட்டுமே உள்ள கட்டி 5 செ.மீ.க்கு உட்பட்டு, வேறு தொல்லையும் இல்லையாயின், காத்திருப்பதே மருத்துவம். 5 முதல் 7 செ.மீ. வரையாயின் ஆண்டுதோறும் ஸ்கேன் செய்து கவனிப்பர். அதற்கு மேற்பட்டால் மேற்பரிசோதனையோ அறுவையோ தேவைப்படலாம். கட்டிக்குள் திடமான பகுதி தெரிந்தாலும், அது மாதக்கணக்கில் வளர்ந்து வந்தாலும், மாதவிலக்கு நின்றபின் தோன்றினாலும், புற்றுநோய் உண்டா என ஆராய்வது கடமை. 'சி.ஏ. 125' என்னும் இரத்தப் பரிசோதனை துணைசெய்யும்; ஆனால் வேறு காரணங்களாலும் அந்த அளவு உயர்வதுண்டு. அதை மட்டும் கண்டு அஞ்சவேண்டா.

ஒன்றை மறவாதீர்கள். திடீரென அடிவயிற்றில் ஒருபுறம் பொறுக்கவொண்ணாத வலியும் வாந்தியும் வந்தால், கட்டியோடு சினைப்பை முறுக்கிக்கொண்டிருக்கலாம். உடனே மருத்துவமனைக்கு விரையவேண்டும். "சனிக்கிழமைச் சம்பளம் வாங்கிக்கொண்டு போகலாம்" என்று பொறுத்தால் சினைப்பையே அழிந்துபோகக்கூடும்.

இளம் பெண்களுக்குக் கூடியமட்டும் கட்டியை மட்டும் நீக்கிச் சினைப்பையைக் காப்பர். ஒன்றை எடுக்க நேர்ந்தாலும், மற்றது நலமாயிருப்பின் மாதவிலக்கும் மகப்பேறும் கூடும்.

இது பாவமா?

இல்லை. 1968-இல் 'ஹூமானே வீத்தே' என்னும் சுற்றுமடலில் திருத்தந்தை ஆறாம் சின்னப்பர் இதைத் தெளிவுபடுத்தினார். நோயைக் குணமாக்கத் தேவையான சிகிச்சையால் மகப்பேறு தடைபடும் என முன்கூட்டியே தெரிந்தாலும், அத்தடையை நோக்கமாகக் கொள்ளாதவரை அச்சிகிச்சை முறையானதே. உடல் இறைவன் தந்த கொடை. அதைப் பேணுவது பாவமாகாது.

முடிவு யாருடையது?

1809 டிசம்பரில், அமெரிக்காவின் கென்டக்கி நாட்டுப்புறத்து ஜேன் கிராஃபர்டு என்னும் அம்மையாருக்குப் பெரிய கட்டி இருப்பதை எஃப்ராயிம் மெக்டவல் என்ற மருத்துவர் கண்டார். இத்தகைய அறுவை செய்து யாரும் பிழைத்ததாக அவர் அறியார். அதை மறைக்காமல் சொன்னார். அம்மையார் தாமே துணிந்து, ஏறத்தாழ 100 கி.மீ. குதிரைமேல் பயணம் செய்து மருத்துவரிடம் சென்றார். மயக்க மருந்து இல்லாத காலம். திருப்பாடல்களை ஓதியவண்ணம் 25 நிமிடம் வலி பொறுத்தார். ஏறத்தாழ 10 கிலோ எடையுள்ள கட்டி நீங்கியது; 1842 வரை அவர் வாழ்ந்தார். மருத்துவர் உள்ளதைச் சொன்னார். நோயாளி முடிவு செய்தார். இதுவே முறை.

நம் நாட்டில் இதற்கு மாறாகவும் நிகழ்ந்தது. 1995-இல் டில்லியில் 44 வயதுப் பெண்மணி ஒருவர் பரிசோதனைக்காக மயக்கத்தில் இருந்தபோது, வெளியே காத்திருந்த தாயின் ஒப்புதலைப் பெற்று அவருடைய கருப்பையையும் சினைப்பைகளையும் அகற்றிவிட்டனர். உயிருக்கு உடனடி ஆபத்து இல்லாதபோது, தெளிந்த அறிவுள்ள, வயதுவந்த நோயாளியின் ஒப்புதலே வேண்டும். தாயின் ஒப்புதல் அதற்கு ஈடாகாது என்று உச்ச நீதிமன்றம் 2008 ஜனவரி 16 அன்று தீர்ப்பளித்தது. தாய்க்கே இல்லாத அந்த உரிமை, கணவருக்கும் மாமியாருக்கும் எங்ஙனம் வரும்?

ஆகவே, சகோதரிகளே, கையெழுத்திடுமுன் மருத்துவரை நீங்களே கேளுங்கள்: இது எவ்வகைக் கட்டி? காத்திருந்தால் என்ன நேரும்? கட்டியை மட்டும் எடுப்பீர்களா, சினைப்பையையுமா? கருப்பையைத் தொடுவீர்களா? ஐயம் தீரவில்லையெனில் இன்னொரு மருத்துவரிடமும் கேட்பது குற்றமன்று.

செலவை எண்ணிக் கலங்குவோர்க்கு ஒரு சொல். விருதுநகரில் 2022-இல் திறந்த அரசு மருத்துவக் கல்லூரி உண்டு. ஆலையில் இ.எஸ்.ஐ. பிடித்தம் செய்யப்படுவோர்க்குச் சிவகாசியில் இ.எஸ்.ஐ. மருத்துவமனை உண்டு. உரிய காலம் சந்தா செலுத்தியிருந்தால், நோய்க்கால விடுப்பில் ஆண்டுக்கு 91 நாள் வரை கூலியில் 70 விழுக்காடு கிடைக்கும்.

கணவன்மாரே, மனைவியோடு மருத்துவரிடம் செல்லுங்கள், உடனிருந்து கேளுங்கள். விடையை மட்டும் அவளே சொல்லட்டும்.

அச்சங்குளத்துச் சகோதரி மறுவாரம் கணவரோடு சென்றார். தானே மறையும் வகைக் கட்டியன்று என்று மருத்துவர் இருவருக்கும் படம் வரைந்து விளக்கினாராம். "நானே சரின்னு சொல்லிட்டேன் சாமி" என்றார் திரும்பி வந்து. அருகில் நின்ற கணவர் தலையசைத்தார். அறுவை நாளன்று இருவரையும் என் திருப்பலியில் நினைத்துக்கொண்டேன்.