தண்ணீர் ஊற்றாத பொரியல்

மதுக்கரை என்றதும் சிமென்ட்தான் நினைவுக்கு வரும். 1930-களில் அங்கே ஆலை வந்ததற்குக் காரணம் காலடியில் கிடந்த சுண்ணாம்புப் பாறை. அப்படிப்பட்ட நிலத்தில் இறங்கும் மழைநீர் வழியெல்லாம் கால்சியத்தைக் கரைத்துக்கொண்டே போவதால், போர் போட்டால் கிடைப்பது பெரும்பாலும் கடின நீர்தான். பாத்திரத்தில் வெள்ளை படியும், சோப்பு நுரைக்காது என்று வீட்டுக்கு வீடு புலம்புவார்கள். அதே தண்ணீர் பண்டிகைச் சமையலிலும் கைவைக்கிறது என்பதை யாரும் பெரிதாகப் பேசுவதில்லை. பொங்கல் இலையில் தண்ணீரே ஊற்றாமல், தன் நீரிலேயே வேகும் காய்க்கு முதலிடம் தர வேண்டும் என்பது என் கட்சி. சோம்பேறிச் சமையல் என்று சிலர் சிரிக்கலாம். ஆனால் வேதியியல் இந்தப் பக்கம்தான் நிற்கிறது.

காயின் செல்களை ஒன்றோடொன்று ஒட்டவைத்திருப்பது பெக்டின் என்னும் பசை. சூட்டில் அந்தப் பசை இளகுவதைத்தான் வேகிறது என்கிறோம். கால்சியம் வந்து சேர்ந்தால் பெக்டின் இழைகளைக் குறுக்கே பிணைத்து இறுக்கிவிடும். ஆக்ராவில் பேட்டா செய்கிறவர்கள் வெண்பூசணித் துண்டுகளைச் சுண்ணாம்பு நீரில் ஊறவைத்த பிறகே பாகில் போடுவதன் சூட்சுமம் இதுதான். துண்டு கரையாமல் கடிபடும் பதத்தில் நிற்கும். அங்கே வேண்டி விரும்பிச் செய்வது, கடின நீரில் காய்ந்த மொச்சையை வேகவைக்கும்போது வேண்டாமலே நடந்துவிடுகிறது. புளியும் அதே ரகம். புளிப்பு ஏறினால் பெக்டின் இளகுவது மந்தமாகும் என்பதால்தான், மொச்சை வெந்த பிறகு புளி கரைத்து ஊற்றச் சொல்கிறார்கள்.

இப்போது அரசாணிக்காய்க்கு வருவோம். சென்னைப் பக்கம் பரங்கிக்காய் என்பார்கள். அதில் பத்தில் ஒன்பது பங்கு தண்ணீர். வெளியிலிருந்து நாம் ஊற்ற என்ன இருக்கிறது? இளங்காயாகப் பார்த்துத் தோலோடு நறுக்குவது நல்லது. தோல் சதையைவிட உறுதியானது. துண்டு குழையாமல் அதுவே பிடித்துக்கொள்ளும். அடி கனத்த வடச்சட்டியில் கடலெண்ணெய் காய்ந்ததும் கடுகு, வரமிளகாய், கறிவேப்பிலை தாளித்து, துண்டுகளைப் போட்டு உடனே உப்புத் தூவி மூடிவிட வேண்டும். உப்பு செல்லுக்குள் இருக்கும் நீரை வெளியே இழுக்கும். இளந்தீயில் சற்று நேரம் கழித்து மூடியைத் திறந்தால் துண்டுகள் வியர்த்து, அடியில் மஞ்சளாக நீர் விட்டிருக்கும். அந்த நீர்தான் காயை வேகவைக்கிறது. கரண்டி முனை தோல் பக்கத்தில் தடையில்லாமல் இறங்கினால் மூடியை எடுத்துவிட்டு நீரைச் சுண்டவிட வேண்டும். கிளறக் கூடாது, சட்டியைக் குலுக்கினால் போதும். கடைசியாக வறுத்த நிலக்கடலையைக் கொரகொரப்பாகப் பொடித்துத் தூவினால் மிச்ச ஈரத்தை அது குடித்துக்கொள்ளும். மசாலாப் பொடி எதுவும் தேவையில்லை. இதற்குத் துணையாக அடுப்பே ஏற்றாத ஒன்று: வாழைத்தண்டை நார் எடுத்துப் பொடியாக நறுக்கி மோரில் போட்டு, பிழிந்து, தயிரில் கலந்த பச்சடி. மோரின் புளிப்பு தண்டைக் கறுக்கவைக்கும் நொதியை அடக்கிவிடுகிறது.

குக்கர் இருக்கும்போது கடின நீருக்கு ஏன் பயப்பட வேண்டும் என்று கேட்பார்கள். 120 டிகிரிச் சூட்டில் மொச்சை பணிந்துவிடும், உண்மை; அதே குக்கரில் அரசாணிக்காயை வைத்தால் களிதான் மிஞ்சும். ஆப்பச்சோடா போட்டாலும் சீக்கிரம் வேகும்; ஆனால் தயமின் என்ற பி1 வைட்டமின் அழிந்து, வாயில் சோப்பு வாடை நிற்கும். சிறுவாணித் தண்ணீர் வரும் வீட்டுக்கு இந்த வாதமெல்லாம் எதற்கு என்பது இன்னும் நியாயமான கேள்வி. அங்கே கால்சியம் பிரச்சினை இல்லைதான். ஆனால் எந்தத் தண்ணீரில் வேகவைத்து வடித்தாலும் காயின் இனிப்பும் பொட்டாசியமும் வைட்டமின் சி-யும் அதோடு சேர்ந்து சாக்கடைக்குப் போகும். விருந்து என்றால் உருளைக்கிழங்கு வறுவல் வேண்டாமா, வழக்கத்தை மாற்றலாமா என்போர்க்கு ஒன்று சொல்லலாம். உருளைக்கிழங்கு மட்டுமல்ல, அரசாணியும் மிளகாயும் நிலக்கடலையும்கூட அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்தவை. 1492-ல் கொலம்பஸ் கடல் கடப்பதற்கு முன் இவற்றில் ஒன்றுகூடக் கொங்கு நாட்டு இலையில் விழுந்திருக்க முடியாது. அன்று புதுசாக வந்ததைத்தான் இன்று வழக்கம் என்கிறோம்.

இவ்வளவு சொன்ன பிறகும் மொச்சையை விட மனமில்லாதவர்கள் அதை கேன் தண்ணீரில் ஊறவைக்கலாம். ஊறும்போதே உப்பும் போடலாம்; உப்பு போட்டால் பயறு வேகாது என்ற பேச்சுக்கு மாறாக, உப்பிலுள்ள சோடியம் தோலில் இருக்கும் கால்சியத்தைக் கொஞ்சம் வெளியேற்றி அதன் இடத்தைப் பிடிப்பதால் தோல் மெத்தென்றாகும். தை பிறக்கும் சமயம் சந்தையில் பச்சை மொச்சை கிடைத்தால் ஊறவைக்கிற வேலையே மிச்சம்.