சிஞ்சுவில் மின்சாரம் போனபோது

1999 செப்டம்பர் 21, அதிகாலை 1.47 மணி. தைவானின் நடுப்பகுதியான நான்டோவில் பூமி குலுங்கி 2,400 பேருக்கு மேல் மாண்டார்கள். அந்தச் சாவுகளுக்கு நடுவே சில்லுத் தொழிற்சாலைகளின் நஷ்டத்தைப் பேசக் கூச்சமாகத்தான் இருக்கிறது. உலகக் கணினிச் சந்தைக்கு அந்தக் கூச்சம் இருக்கவில்லை. மெமரி சில்லுகளின் விலை கிடுகிடுவென ஏறியது.

நூறு கிலோமீட்டருக்கு அப்பால், சில்லு ஆலைகள் குவிந்திருந்த சிஞ்சு அறிவியல் பூங்காவில் கட்டடங்கள் பெரும்பாலும் தப்பின. மின்சாரம்தான் இல்லை. தெற்கில் உற்பத்தியான மின்சாரத்தை வடக்கே கடத்திய ஜோங்லியாவ் துணைமின் நிலையம் நிலநடுக்கத்தில் சிதைந்திருந்தது. சில்லு ஆலைகள் நாள்கணக்கில் நின்றன.

கரன்ட் வந்தால் மறுபடி ஓட்ட வேண்டியதுதானே என்று தோன்றும். ஆலைக்குள் உலையைப் பாருங்கள். குவார்ட்ஸ் குழாய்க்குள் ஆயிரம் டிகிரியை ஒட்டிய சூட்டில் வேஃபர்கள், அதாவது சில்லுகள் உருவாகும் சிலிக்கன் தட்டுகள், அடுக்கடுக்காக நிற்கின்றன. வாயு பாய்கிறது, மேலே மெல்லிய படலம் வளர்கிறது. பாதியில் சூடு இறங்கினால் படலம் சொன்ன தடிமனுக்கு வராது. பல வாரம் உழைத்துக் கொண்டுவந்த வேஃபர் குப்பைக்குத்தான். வெற்றிடப் பம்புகள் நிற்கும். காற்றைச் சுத்திகரிக்கும் விசிறிகள் நின்றால் தூசு படியும். பிறகு ஒவ்வொரு இயந்திரத்தையும் துடைத்து, அளந்து, சோதித்துத்தான் ஓட்ட முடியும். இதற்கு நாள்கணக்கில் மின்வெட்டு வேண்டியதில்லை. 2010 டிசம்பரில் ஜப்பானின் யொக்காயிச்சியில் தோஷிபா ஆலை இருந்த பகுதியில் 0.07 விநாடி மின்னழுத்தம் சரிந்தது. கண் இமைக்கும் நேரம்கூட இல்லை. அடுத்த ஜனவரி, பிப்ரவரியில் ஃபிளாஷ் மெமரி அனுப்புவது 20 சதவீதம் வரை குறையலாம் என்று தோஷிபா அறிவித்தது.

2024 ஏப்ரல் 3 காலை, தைவானின் ஹுவாலியன் அருகே 7.2 அளவில் நிலநடுக்கம். தைவானின் சில்லு நிறுவனமான டிஎஸ்எம்சி ஆலைகளிலிருந்து ஆட்களை வெளியேற்றியது. பத்து மணி நேரத்துக்குள் 70 சதவீதத்துக்கு மேற்பட்ட இயந்திரங்கள் மீண்டுவிட்டன. ஆலைகள் கற்றுக்கொண்டது பாதிக் காரணம். அன்று மின்கட்டமைப்பு விழவில்லை என்பதே பெரிய காரணம் என்பேன். யுபிஎஸ்ஸும் ஜெனரேட்டரும் நச்சுவாயுவை வெளியேற்றவும் முக்கிய இயந்திரங்களைக் காக்கவும் போதும்; முழு ஆலையையும் நாள்கணக்கில் ஓட்டப் போதாது.

அந்த மின்கட்டமைப்பும் அப்படியொன்றும் கெட்டியானதல்ல. 2022 மார்ச்சில் ஷிங்டா மின்நிலையத்தில் நடந்த ஒரு மனிதப் பிழையால் சுமார் 55 லட்சம் வீடுகள் இருண்டன. அதன்பின் தைவான் மின்வாரியம் 56,450 கோடி தைவான் டாலரில் பத்தாண்டுத் திட்டம் போட்டது. எல்லா மின்சாரமும் ஒரே முடிச்சின் வழியாகப் போகாமல், மின்நிலையங்களிலிருந்து தொழிற்பூங்காக்களுக்கு நேரடிக் கம்பி இழுப்பதும் அதில் அடக்கம். 1999-லேயே தெரிந்துபோன பாடம்தான்.

இதற்குள் பணயம் பெருத்துவிட்டது. அன்று மெமரி விலை ஏறியது. இன்று உலகின் மிக நுண்ணிய சில்லுகளில் பெரும்பகுதி இந்தத் தீவில்தான் தயாராகிறது. தீவுக்கு மின்சாரம் தந்த கடைசி அணு உலையும் 2025 மே மாதம் மூடப்பட்டது. மின்சாரத்தில் மிகப் பெரிய பங்கு இப்போது கப்பலில் வரும் எரிவாயுவிலிருந்து வருகிறது. அதன் கையிருப்பு சுமார் 11 நாளுக்குத்தான் தாங்கும்.