எலக்ட்ரான் கற்றையும் குறைக்கடத்தி மென்படலப் பரப்பில் வளிம வினைகளும்

புதுச்சேரிக்கு வடக்கே, காலாப்பட்டில் அமைந்துள்ள புதுவைப் பல்கலைக்கழகத்தில் (நிறுவப்பெற்றது 1985) மென்படலங்களின் பரப்பைக் காண ஸ்கேனிங் எலக்ட்ரான் நுண்ணோக்கி பயன்படுத்தப்படுகிறது. இக்கருவியைக் காட்சிக்குரியதாக மட்டும் கருதுவது பொருந்தாது. கற்றை படும் இடத்தில் வேதிவினையும் நிகழ்கிறது.

வெற்றிடக் கலனிலும் வளிமம் எஞ்சியே இருக்கும். அழுத்தம் 10 இலட்சத்தில் ஒரு டோர் அளவாக இருப்பினும், மோதும் மூலக்கூறுகளெல்லாம் ஒட்டிக்கொள்ளுமாயின், ஏறத்தாழ ஒரே நொடியில் பரப்பின்மீது ஓரடுக்கு படிந்துவிடும். அவற்றை வினைப்படுத்துவது வெப்பம் என்று எண்ணத் தோன்றும். ஆயின் 10 கிலோவோல்ட், 1 நானோஆம்பியர் கற்றையின் திறன் 10 மைக்ரோவாட் மட்டுமே. சிலிக்கன் போன்று வெப்பத்தை நன்கு கடத்தும் தளத்தில் இதனால் எழும் வெப்பநிலை உயர்வு மிகச் சிறிது. மூலக்கூறுப் பிணைப்பை உடைப்பதில் பெரும்பங்கு, பரப்பிலிருந்து வெளிவரும், 50 எலக்ட்ரான் வோல்ட்டுக்குக் குறைந்த ஆற்றலுடைய இரண்டாம்நிலை எலக்ட்ரான்களுக்கே உரியது. முதன்மைக் கற்றையின் ஆற்றல் மிகுதியாக இருப்பதாலேயே அது பிணைப்பைத் திறம்பட உடைப்பதில்லை.

இதற்குத் தெளிவான சான்று கோபர்ன், விண்டர்ஸ் ஆகியோர் 1979இல் வெளியிட்ட ஆய்வாகும். சிலிக்கன் டைஆக்சைடு படலத்தைச் செனான் டைஃபுளூரைடு வளிமம் தனியே அரிக்கவில்லை; எலக்ட்ரான் கற்றையும் தனியே அரிக்கவில்லை. இரண்டும் ஒருங்கே படும்போது அரிப்பு நிகழ்ந்தது. கற்றை ஆக்சிஜன் பிணைப்பைத் தளர்த்த, ஃபுளூரின் சிலிக்கனுடன் இணைந்து சிலிக்கன் டெட்ராஃபுளூரைடு வளிமமாக வெளியேறுகிறது. தூய சிலிக்கனையோ அவ்வளிமம் கற்றையின் துணையின்றியே அரிக்கும். எனவே கற்றையின் பங்கு பொருளுக்குப் பொருள் வேறுபடுகிறது.

ஆக்சைடு குறைக்கடத்திகளில் மற்றொரு வழியும் உண்டு. நோட்டெக், ஃபைபெல்மன் ஆகியோர் 1978இல் இதனை விளக்கினர். டைட்டானியம் டைஆக்சைடில், டைட்டானியத்தின் உள்ளோட்டிலிருந்து ஓர் எலக்ட்ரான் வெளியேற்றப்பட்டால், அக்குழியை நிரப்ப அதனிடம் இணைதிற எலக்ட்ரான் இல்லை. அருகிலுள்ள ஆக்சிஜனே தர நேர்கிறது. அதனோடு மேலும் எலக்ட்ரான்களை இழக்கும் ஆக்சிஜன் நேர்மின் அயனியாகி, அண்டையிலுள்ள நேர்மின் அயனிகளால் விலக்கப்பட்டு வெளியேறுகிறது. எஞ்சும் ஆக்சிஜன் வெற்றிடங்கள் என்-வகைப் படலத்தின் கடத்துதிறனை உயர்த்தும். வளிம உணரி ஆய்வில் இது சிறு செய்தியன்று. அளக்கப்போகும் பண்பையே கற்றை மாற்றிவிடுகிறது.

எஞ்சிய ஹைட்ரோகார்பன்கள் சிதைந்து கரிப்படலமாகப் படிவதும் உண்டு (ஸ்டூவர்ட் 1934இலேயே இத்தகைய படிவைக் குறித்துள்ளார்). நீராவி இருப்பின் அதே கற்றை அக்கரியை அரித்தகற்றவும் கூடும். ஆகவே உணரிப் படலத்தின் மின்தடையை நுண்ணோக்கிக்குக் கொண்டுசெல்லும் முன்னரே அளப்பதும், படமெடுத்த பகுதியை மீண்டும் அளவீட்டுக்குப் பயன்படுத்தாமையும், கற்றை மின்னோட்டத்தையும் படமெடுத்த நேரத்தையும் கட்டுரையில் குறிப்பிடுவதும் தேவையாகின்றன. முடுக்க மின்னழுத்தத்தை மட்டும் தருவது போதாது.