மின்னாக்கம் வேறு, பாதுகாத்தல் வேறு



எந்த ஐயாவின் நினைவாக ஆண்டுதோறும் இங்கே கூடுகிறோமோ, அவர் நமக்கு விட்டுச்சென்றது ஒரு தகரப் பெட்டி. சிற்றிதழ்கள், மாநாட்டுத் துண்டறிக்கைகள், கையெழுத்துப் பிரதிகள், இரண்டு ஒலிநாடாக்கள் அதில் இருந்தன. வீடு மாறும்போதெல்லாம் பாத்திரம் பண்டங்களுக்கு முன்னால் அந்தப் பெட்டியைத்தான் வண்டியில் ஏற்றுவார் என்று அவர் குடும்பத்தார் சொல்வார்கள். அவர் மறைவுக்குப் பின் பெட்டியில் இருந்ததை நாம் மின்னாக்கம் செய்தோம். 'இனி பயமில்லை' என்று இதே மேடையில் அறிவிக்கவும் செய்தோம். அந்த அறிவிப்பு எவ்வளவு அவசரமானது என்பதைச் சொல்வதே இவ்வுரையின் நோக்கம்.

ஆவணம் அழிவது நமக்குப் புதிதல்ல. 1869இல் 'சூரியோதயம்' வந்தது முதல் நம்மவர்கள் இதழ் நடத்தியிருக்கிறார்கள். இரட்டைமலை சீனிவாசன் 1893இல் தொடங்கிய 'பறையன்' ஏழாண்டுகள் வந்தது. இவற்றின் முழுத் தொகுப்பு நம் கைக்கு வந்து சேரவில்லை. வேறு இடங்களில் பதிவான குறிப்புகளைக் கொண்டுதான் அவற்றைப் பற்றிப் பேசுகிறோம். அயோத்திதாசப் பண்டிதர் 1907 ஜூன் 19இல் 'ஒரு பைசாத் தமிழன்' என்று தொடங்கிய இதழ் தப்பியது. அன்பு பொன்னோவியம் போன்றவர்கள் அதன் பிரதிகளைத் தம் வீடுகளில் காத்துவைத்தார்கள். அதனால்தான் ஞான. அலாய்சியஸ் தொகுத்து, பாளையங்கோட்டை தூய சவேரியார் கல்லூரியின் நாட்டார் வழக்காற்றியல் ஆய்வு மையம் 1999இல் 'அயோத்திதாசர் சிந்தனைகள்' தொகுதிகளை வெளியிட முடிந்தது. ஓர் இதழ் நின்றதும் இன்னொன்று மறைந்ததும் எழுத்தின் தரத்தால் நேர்ந்தவை அல்ல. யார் வீட்டில் எத்தனை பிரதி இருந்தது, அதை யார் பார்த்துக்கொண்டார்கள் என்பதே தீர்மானித்தது. கணினிக் காலத்திலும் விதி இதுதான்.

தாளைக் கவனிக்காமல் விட்டாலும் ஐம்பது ஆண்டு கிடக்கும். ஓரம் பொடியும், கரையான் கொஞ்சம் தின்னும், மீதியைப் படிக்கலாம். மின்கோப்பு அப்படியல்ல. இருந்தால் முழுதாக இருக்கும். போனால் பெரும்பாலும் முழுதாகப் போகும். வன்தட்டு என்பது சுழலும் எந்திரம். அதை நம்பக்கூடிய காலம் மூன்று முதல் ஐந்து ஆண்டுகள் என்றே பொதுவாகக் கணக்கிடுகிறார்கள். பெரிய நிறுவனங்கள் பயன்படுத்தும் காந்த நாடா முப்பது ஆண்டுகள் வரை தாங்கும். ஆனால் அதைப் படிக்கும் கருவி அதற்கு முன்பே சந்தையிலிருந்து போய்விடுவதால் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை புதிய நாடாவுக்கு மாற்றியாக வேண்டும். ஆக, மின்கோப்பைப் 'பத்திரமாக வைத்தல்' என்று ஒன்றில்லை. தொடர்ந்து பார்த்துக்கொண்டே இருத்தல்தான் உண்டு.

நிறுவனங்கள் எப்படிப் பார்த்துக்கொள்கின்றன? அமெரிக்காவில் தேசிய மின்பாதுகாப்புக் கூட்டமைப்பு 2011, 2013, 2019 ஆண்டுகளில் தன் உறுப்பு நிறுவனங்களிடம் சேமிப்பு குறித்துக் கணக்கெடுத்தது. எத்தனை பிரதி, எங்கே, எந்த ஊடகத்தில், கோப்பு சிதையவில்லை என்பதை எப்படிச் சோதிக்கிறீர்கள் என்பன போன்றவையே அதன் மையக் கேள்விகள். அதே அமைப்பு வகுத்த படிநிலைகள் எளிமையானவை. முதல் படியில் இரண்டு முழுப் பிரதிகள் வெவ்வேறு இடங்களில் இருக்க வேண்டும். இரண்டாம் படியில் மூன்று பிரதிகள், அவற்றில் ஒன்று வேறு ஊரில். அடுத்த படியில் அந்த வேறு ஊர் வேறு வகை ஆபத்துக்கு உட்பட்டதாக இருக்க வேண்டும். சென்னையில் ஒன்றும் கடலூரில் ஒன்றும் வைத்தால் ஒரே புயல் இரண்டையும் கொண்டுபோகலாம். கடலூரில் ஒன்றும் மதுரையில் ஒன்றும் இருந்தால் அந்த அச்சம் குறைவு.

சோதிக்கும் முறையும் புரியாத வித்தையல்ல. ஒவ்வொரு கோப்புக்கும் கணினி ஒரு கைரேகை எடுத்துத் தரும். பரவலாகப் பயன்படும் ஒரு முறையில் அது எழுத்தும் எண்ணும் கலந்த 64 குறிகளாக வரும். கோப்பில் ஒரு புள்ளி மாறினாலும் ரேகை மாறிவிடும். ஆண்டுக்கு ஒருமுறை மீண்டும் ரேகை எடுத்துப் பழையதோடு ஒப்பிட்டால் எது கெட்டது என்று தெரியும். கெட்டதை மற்ற பிரதியிலிருந்து மீட்கலாம். ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக நூலகத்தில் 1999இல் தொடங்கிய 'லாக்ஸ்' திட்டம் இதையே பல நூலகங்களுக்கு இடையே செய்கிறது. ஒவ்வொரு நூலகமும் தன் பிரதியை மற்றவற்றோடு ஒப்பிட்டுப் பழுதைச் சரிசெய்துகொள்கிறது.

பெரிய நிறுவனத்திடம் கொடுத்துவிட்டால் கவலையில்லை என்று நினைப்பவர்களுக்கு ஒரு செய்தி. 2023 அக்டோபரில் பிரிட்டிஷ் நூலகத்தின் கணினிகளைப் பணம் பறிக்கும் கும்பல் முடக்கியது. உலகெங்கும் அழியும் நிலையிலுள்ள ஆவணங்களை மின்னாக்கம் செய்ய நிதி தரும் திட்டத்தை நடத்துவதும் அந்த நூலகம்தான். அதன் மின்சேவைகள் பல மாதங்கள் கிடைக்கவில்லை. சேகரங்களின் பிரதிகள் பத்திரமாகவே இருந்தன. அவற்றை ஏற்றி இயக்கும் கட்டமைப்புதான் சிதைந்திருந்தது. அந்தத் திட்டத்தில் ஒரு நல்ல விதி உண்டு: மூல ஆவணம் அந்தந்த நாட்டிலேயே இருக்கும், மின்பிரதி ஒன்றும் அங்கேயே தங்கும். ஒரே களஞ்சியத்தை நம்பாதே என்பதே இதில் நமக்கான பாடம்.

நமக்கு அருகிலும் முன்னுதாரணங்கள் உள்ளன. கோட்டையூர் ரோஜா முத்தையா ஒற்றை மனிதராகச் சேர்த்த நூல்களையும் இதழ்களையும் அவர் மறைவுக்குப் பின் சிகாகோ பல்கலைக்கழகம் வாங்கி, வெளிநாட்டுக்குக் கொண்டுபோகாமல் 1994இல் சென்னையிலேயே நூலகமாக்கியது. அங்கே நுண்படச் சுருள்களாகவும் எடுத்தார்கள். நுண்படத்தைப் படிக்க வெளிச்சமும் லென்சும் போதும். 1981இல் யாழ்ப்பாண நூலகம் எரிக்கப்பட்டுச் சுமார் 97,000 நூல்கள் சாம்பலானதை மறக்காத ஈழத்தமிழர்கள் 2005இல் 'நூலகம்' திட்டத்தைத் தொடங்கினார்கள். அதைத் தொடங்க அவர்கள் அரசுக் கட்டடத்துக்காகக் காத்திருக்கவில்லை.

இந்த அளவுகோல்களை நம் மன்றத்தின் மீதே வைத்துப் பார்த்தோம். விடை சங்கடமானது. நம்மிடம் இரண்டு வன்தட்டுகள் இருந்தன. இரண்டும் ஒரே வீட்டில், ஒரே பீரோவில். அதாவது முதல் படியைக்கூட நாம் ஏறவில்லை. ஒன்றைச் செருகியபோது டிக் டிக் என்று சத்தம் போட்டு நின்றுவிட்டது. ஐயாவின் ஒலிநாடாக்களிலிருந்து எடுத்த கோப்புகள் அதில் மட்டுமே இருந்தன. நாடாக்களை வீசியெறியாததால் ஒன்றை மீட்டோம். மற்றது பூஞ்சை பிடித்து, இரண்டு பாட்டிமார் பாடிய நடவுப் பாட்டில் பாதிதான் மிஞ்சியது. அந்தப் பாட்டிமார் இன்று இல்லை.

இன்னொரு பழுதும் தெரிந்தது. நம் சிற்றிதழின் பழைய கோப்புகள் பேஜ்மேக்கரில், தனியார் எழுத்துருக்களில் தட்டச்சானவை. அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் வெறும் கிறுக்கல்தான் தெரிகிறது. தமிழக அரசு ஒருங்குறியை ஏற்றது 2010இல். அதற்கு முன் தட்டச்சான தலித் எழுத்தில் பெரும்பகுதி இன்றும் இப்படித்தான் கிடக்கும். கோப்பு கெடவில்லை, மொழிதான் பூட்டப்பட்டிருக்கிறது. அவற்றை ஒருங்குறிக்கு மாற்றி, பக்க அமைப்போடு நெடுங்காலப் பாதுகாப்புக்கான பிடிஎஃப் வடிவிலும் வைக்க வேண்டும்.

இதற்கெல்லாம் காசு ஏது என்று கேட்கலாம். ஒரு கணக்குப் போடுவோம். ஏ4 பக்கம் ஒன்றை 300 புள்ளி அடர்த்தியில், வண்ணத்தில், சுருக்காமல் எடுத்தால் சுமார் 26 எம்பி. பதினாறு பக்க மாத இதழ் பத்தாண்டு வந்திருந்தால் 1,920 பக்கம். மொத்தம் 50 ஜிபி. இன்று ஒரு சாதாரண பென்டிரைவில் அடங்கும். இடத்துக்கு ஆகும் செலவு சிறியது. ஆண்டுதோறும் சோதித்து, பழைய தட்டை மாற்றி, பட்டியலைத் திருத்தும் ஆள்தான் பெரிய தேவை. நாம் எப்போதும் கருவிக்கு நன்கொடை திரட்டுகிறோம், ஆளுக்குத் திரட்டுவதில்லை.

பட்டியல் என்றதும் சாதியைப் பேசாமல் முடியாது. பெயரில்லாத கோப்பு இருந்தும் இல்லாததே. நம் பாட்டிமாரின் குரலை 'நாட்டுப்புறப் பாடல், பாடியவர் தெரியவில்லை' என்று பதிந்தால், அவர்களைக் கூலி ஏட்டில் பெயரில்லாமல் எழுதிய பண்ணையாருக்கும் நமக்கும் என்ன வேறுபாடு? பாடியவர், தெரு, ஊர், பாடிய சூழல் ஆகியவற்றை அவர்கள் சொல்லிலேயே பதிய வேண்டும். எல்லாவற்றையும் எல்லோருக்கும் திறந்துவிடுவதும் சரியல்ல. வன்கொடுமைக்கு ஆளானவர்களின் வாக்குமூலங்கள் நம்மிடம் உண்டு. ஆஸ்திரேலியாவில் வாருமுங்கு பழங்குடியினரோடு சேர்ந்து உருவான 'முக்குர்ட்டு' என்னும் மென்பொருளில், யார் எதைப் பார்க்கலாம் என்பதை அச்சமூகமே முடிவு செய்கிறது. அந்த உரிமை நமக்கும் வேண்டும்.

எனவே நாம் செய்யப்போவது இது. மூன்று பிரதிகள், மூன்று ஊர்களில், மூன்று தோழர்களின் பொறுப்பில். ஒன்றை நிறுவனம் ஒன்றிடம் ஒப்படைப்போம்; மூலமும் அனுமதி தரும் உரிமையும் நம்மிடமே இருக்கும் என்று எழுதி வாங்கிய பிறகே ஒப்படைப்போம். ஒவ்வோர் ஆண்டும் இந்த நினைவுநாளுக்கு முந்தைய ஞாயிறன்று மூவரும் கூடி, கைரேகைகளை ஒப்பிட்டு, எது இருக்கிறது, எது போயிற்று என்ற கணக்கை இந்த மேடையில் படிப்போம்.

ஐயா தன் பெட்டியைத் திறந்து வெயிலில் காயவைத்து, வேப்பிலை போட்டு மூடுவார். ஆண்டு தவறியதில்லை. நமக்கும் அந்த வேலைதான். கருவி மட்டும் மாறியிருக்கிறது.

ஜெய்பீம்.