ஓட்ஸ் உண்போர் கவனத்திற்கு

நெடுங்காலமாகக் குதிரைத் தீவனமாகப் பயன்பட்டுவரும் ஓட்ஸ், இன்று இதய நோயாளரின் காலை உணவாகவும் விளங்குகிறது. இதிலுள்ள பீட்டா குளுக்கன் என்னும் கரையும் நார்ச்சத்து, குடலில் கூழ்போலாகிப் பித்த அமிலங்களை வெளியேற்றுகிறது. அவற்றை மீண்டும் உருவாக்கக் கல்லீரல் இரத்தத்திலுள்ள கொலஸ்ட்ராலை எடுத்துக்கொள்வதால், கெட்ட கொழுப்பு குறைகிறது.

இப்பயனைப் பெற நாள்தோறும் 3 கிராம் பீட்டா குளுக்கன் தேவை; ஏறத்தாழ 75 கிராம் உலர்ந்த ஓட்ஸில் அது கிடைக்கும். இதனை இருவேளையாகப் பிரித்தும் உண்ணலாம். ஆயினும், இதனால் குறையும் அளவு சிறிதே. எனவே, ஓட்ஸை நம்பிக் கொலஸ்ட்ரால் மாத்திரையைத் தாங்களாகவே நிறுத்திவிட வேண்டாம் என நோயாளரையும் உடனிருந்து கவனிப்போரையும் கேட்டுக்கொள்கிறோம்.

உப்பு மிகுந்த மசாலா ஓட்ஸையும் சர்க்கரை சேர்த்த வகைகளையும் தவிர்த்து, மோர்க் கஞ்சியாகவோ காய்கறி உப்புமாவாகவோ உண்ணப் பரிந்துரைக்கிறோம். நீரிழிவு உள்ளோர் இட்லி, சோற்றுடன் கூடுதலாக அன்றி, அவற்றுக்கு மாற்றாகவே இதனை உண்ண வேண்டும்.